பக்கத்துப் பல்லைப் பார்த்து முடிவெடுங்கள்: அடைப்பு, கேப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட், செட்

ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் ஒரு டாக்டர் இரு பக்கப் பல்லிலும் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் போடலாம் என்கிறார். செம்பூரில் இன்னொருவர் எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட்தான் நல்லது என்கிறார். ஊரிலிருந்து மச்சான் போனில், “எதுக்கு அவ்வளவு செலவு, கழட்டி மாட்டுற பல் செட் வெச்சுக்கோங்க” என்கிறார். மூவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஒரே வாய்க்கு மூன்றையும் செய்ய முடியும். குழம்பிப்போய்க் கடைசியில் விலையைப் பார்த்தோ அலைச்சலைப் பார்த்தோ முடிவெடுக்கிறோம். நான் பார்த்தவரையில், போன பல்லின் இரு பக்கமும் நிற்கிற பற்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் பிரிட்ஜா இம்ப்ளான்ட்டா என்று பேசுவது வீண் பேச்சு.

நான் டாக்டர் இல்லை. மும்பையில் ஒரு பல் லேபில் வேலை செய்கிறேன். கிளினிக்குகளிலிருந்து வரும் பல் அச்சுகளில் (நாங்கள் ‘அளவு’ என்போம்) பிளாஸ்டர் ஊற்றி மாடல் எடுத்து, அதன் மேல் பல்லுக்கு மூடியாகும் கேப்பும் பிரிட்ஜும் செய்து அனுப்புவது தொழில். ஆளின் முகம் தெரியாது, வாய் மட்டும் தெரியும். சீட்டில் 45-46-47 என்று எழுதி வரும். கீழ்த்தாடையில் வலது பக்கம் 46-ஆம் பல் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டைச் சீவியிருக்கிறார்கள், மூன்று பல் பிரிட்ஜ் வேண்டும் என்று அர்த்தம். சில மாடல்களைக் கையில் எடுக்கும்போது மனசு கஷ்டப்படும். சீவிய இரண்டு பல்லிலும் சொத்தை சுரண்டிய பள்ளம் ஒன்றுகூட இருக்காது. முழுசாக நின்ற இரண்டு பல்லை, இல்லாத ஒன்றுக்காகச் செதுக்கியிருப்பார்கள். வேறு சில மாடல்களில் அதே 45-ம் 47-ம் ஏற்கெனவே பாதி உடைந்து, எப்படியும் கேப் போட்டே ஆக வேண்டிய நிலையில் இருக்கும். அங்கே பிரிட்ஜ்தான் நியாயமான வைத்தியம். சீட்டில் இருக்கும் எண்கள் ஒன்றுதான்.

பல் இன்னும் வாயில் இருந்தால்

பிடுங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “இதைக் காப்பாற்ற வழியே இல்லையா?” ராத்திரி முழுக்க வலியில் புரண்டவர்கள் காலையில் போய் “எடுத்திடுங்க டாக்டர், நிம்மதியா இருக்கும்” என்றுதான் சொல்வார்கள். பிடுங்க ஆகும் செலவு சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம். ஆனால் அந்த இடத்தை நிரப்பப் பின்னால் ஆகும் செலவு, அன்றைக்கே ரூட் கேனால் செய்து கேப் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பெரும்பாலும் அதிகம். சொந்தப் பல்லுக்கு ஈடான பல்லை எந்த லேபும் செய்ததில்லை.

சொத்தை சின்னதாக இருந்தால் அடைப்பு போதும். வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தில் பாதரசம் இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-ல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது, இந்தியா 2018-ல் அதை ஏற்றது, ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அமால்கத்தையே அநேகமாக நிறுத்திவிட்டது. அதற்காக வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டும்போதுதான் பாதரச ஆவியும் வரும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். இன்று பெரும்பாலும் போடுவது பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட். நீல விளக்கில் இறுகும் பொருள் இது. எச்சில் படாமல் போட்டால்தான் ஒட்டும், அதனால் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டிப் போடும் டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர்ப்பக்கம் வரும் சொத்தைக்கு கிளாஸ் அயனோமர் நல்லது. காம்போசிட் அளவுக்கு உறுதி கிடையாது, ஆனால் கொஞ்சம் ஈரமிருந்தாலும் ஒட்டும், ஃப்ளோரைடும் விடும்.

மெல்லும் பரப்பில் பாதிக்கு மேல் போய்விட்ட பல்லை அடைத்து அடைத்து ஓட்டுவது நிற்காது. ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது மிச்சச் சுவர் பிளந்துவிடும். இந்த நிலையில் நேராக முழு கேப்புக்குப் போகாமல், தேய்ந்த மேல்பரப்பை மட்டும் மூடும் ஆன்லே என்று ஒன்று உண்டு. பக்கச் சுவரைச் சீவாமல் தப்பிக்கலாம். எங்கள் லேபுக்கு கேப் ஆர்டர் நிறைய வரும், ஆன்லே எப்போதாவதுதான் வரும். டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: “ஆன்லே போட முடியுமா?”

சொத்தை நரம்பு வரை போய்விட்டால் ரூட் கேனால். காபி குடித்த சூடு போன பிறகும் வலி தங்குகிறது, ராத்திரி தானாக எழுப்புகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் கட்டம் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் கெட்டுப்போன சதையை எடுத்து, வேர்க்கால்களைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், பயந்த அளவுக்கு வலி இருக்காது. இங்கே பலர் செய்யும் காரியம், வலி நின்றதும் கேப் போடாமல் இருந்துவிடுவது. ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல் உள்ளே குடையப்பட்ட பல்; கேப் இல்லாமல் அரைத்துக்கொண்டிருந்தால் நடுவே வேர் வரை பிளக்கும். பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கொடுத்த காசும் போச்சு, பல்லும் போச்சு. முன்பல்லில் சின்ன ஓட்டை வழியாக ரூட் கேனால் செய்திருந்து மற்ற பாகம் முழுசாக இருந்தால் கேப் கட்டாயமில்லை.

சரி, எப்போது காப்பாற்ற முடியாது? ஈறுக்கு மேல் சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராவது நல்ல பல் மிச்சம் வேண்டும். வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டா இறுக்கிப் பிடிப்பதுபோல கேப்பின் விளிம்பு அந்த 2 மில்லிமீட்டரைத்தான் இறுக்கிப் பிடிக்கிறது. அது இல்லாமல் உள்ளே கம்பி வைத்து, மேலே கேப் போட்டால் சில மாதத்திலோ வருடத்திலோ கேப்போடு கம்பியும் கழன்று கையில் வரும், இல்லாவிட்டால் வேர் பிளக்கும். மிச்சம் குறைவாக இருந்தால் ஈறையும் எலும்பையும் கொஞ்சம் இறக்கிப் பல்லை வெளியே கொண்டுவரும் சிறு அறுவை உண்டு. அதுவும் முடியாது என்று டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினால், பிடுங்கலாம் என்று சொல்பவரை நம்புங்கள்.

கேப் எந்தப் பொருளில்? கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பல்லுக்கு முழு மெட்டல் கேப் இன்றும் நல்ல தேர்வு. பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், உடையாது. மெட்டலுக்கு மேல் பீங்கான் பூசியது விலை குறைவு, ஆனால் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் வரை சீவ வேண்டும், நாளானால் பீங்கான் சில்லு தெறிக்கும், ஈறு இறங்கினால் கறுப்புக் கோடு தெரியும். முழு ஜிர்கோனியா (மெட்டலே இல்லாத உறுதியான பீங்கான்) ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடத்திலேயே நிற்கும், சில்லு போகாது. முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கான் அழகாக வரும். கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறது, வாட்ச் பட்டை பட்ட இடம் சிவக்கிறது என்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். விலை மலிவான கேப் மெட்டல்களில் நிக்கல் இருக்கும். அவர்களுக்கு ஜிர்கோனியா போடுங்கள், இல்லாவிட்டால் நிக்கல் இல்லாத மெட்டல் கேளுங்கள். சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நடுத்தரக் கிளினிக்குகளில் நான் கேள்விப்படும் தொகை: கடைவாய்ப் பல் ரூட் கேனாலுக்கு 4,000 முதல் 8,000, மெட்டல் பீங்கான் கேப் 3,500 முதல் 6,000, ஜிர்கோனியா 8,000 முதல் 15,000. பாந்த்ரா, ஜூஹூ பக்கம் போனால் இது ஏறும்.

பல் போய்விட்டால்

முதல் வழி, ஒன்றும் கட்டாமல் விடுவது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் சில இடங்களில் இதுதான் சரி. நெதர்லாந்தில் கெய்சர் என்ற பேராசிரியர் 1981-லேயே, முன்பல்லும் சிறு கடைவாய்ப் பல்லும் நல்லபடியாக இருந்தால் பின்னாலுள்ள பெரிய பற்கள் எல்லாம் இல்லாமலேயே பெரும்பாலானவர்கள் வசதியாக மெல்கிறார்கள் என்று எழுதினார். ஜப்பானில் 1989 முதல் நடக்கும் இயக்கத்தின் இலக்கும் 80 வயதில் 20 பல்தான், 32 அல்ல. ஆகவே கடைசிப் பெரிய கடைவாய்ப் பல், அதாவது ஞானப்பல்லுக்கு முந்தியது, ஒன்று போனால் பெரும்பாலும் அப்படியே விடலாம் என்பது என் அபிப்பிராயம். நடுவில் இருக்கும் பல் போனால் கதை வேறு. பின்பல் முன்னால் சாயும், எதிர்த்தாடைப் பல் எதிரே ஆள் இல்லாததால் இறங்கி வரும். 46 போய்ப் பல வருடம் சும்மா விட்ட மாடல்களில் 47 ஏறக்குறைய படுத்திருக்கும், மேலே 16 இறங்கி அந்த இடத்தில் பாதியை அடைத்திருக்கும். இம்ப்ளான்ட் போட நினைத்தாலும் கேப்புக்கு உயரம் கிடைக்காது. எலும்பும் காத்திருக்காது, பிடுங்கிய முதல் வருடத்தில்தான் அகலம் அதிகம் குறைகிறது.

இப்போது பிரிட்ஜுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் வருகிறேன். எங்கள் குடும்பத்திலேயே ஒரே பல் போன இரண்டு பேர் இருக்கிறார்கள்.

தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்கு 46 போய் ரொம்ப நாளாகிவிட்டது. அறுபது தாண்டியவர், சர்க்கரை உண்டு. அதற்கு முன்னால் நிற்கும் 45-ல் எப்போதோ ரூட் கேனால் செய்து கேப் போடாமல் விட்டது, ஓரம் உடைந்திருந்தது. பின்பல் 47-ல் பெரிய வெள்ளி அடைப்பு, விளிம்பு பெயர்ந்திருந்தது. அவர் மருமகள் அந்தேரியில் ஆபீஸ் போகிறவள், முப்பதுகளில் இருக்கிறாள். அவளுக்குப் போனது இடது பக்கத்தில் அதே பல், 36. பக்கத்துப் பல் இரண்டும் முத்து மாதிரி.

சித்தப்பா கேட்டார்: “ஏன்டே, மருமவளுக்கு இம்ப்ளான்ட்டுங்க, எனக்கு மட்டும் பிரிட்ஜுங்க. வயசாயிருச்சுன்னு காசு பாக்கியளா?”

“காசுக்காக இல்ல சித்தப்பா. உங்க ரெண்டு பக்கத்துப் பல்லுக்கும் எப்படியும் கேப் போட்டே ஆகணும். கேப் ரெண்டு போடும்போது நடுவுல ஒண்ணு சேத்தா உங்களுக்குப் பல் வந்திருது. அவளுக்கு அந்த ரெண்டையும் தொட்டா பாவம்.”

இதற்கு மேல் சொல்வதெல்லாம் விளக்கம்தான், ஆனால் விளக்கம் முக்கியம். பிரிட்ஜுக்காக ஒரு பல்லைச் சுற்றிச் சீவும்போது ஈறுக்கு மேல் தெரியும் பாகத்தில் பாதிக்கு மேலும் போய்விடலாம். போனது திரும்பாது. அப்படிச் சீவிய நல்ல பற்களில் சிலவற்றுக்குப் பிற்பாடு நரம்பு செத்து ரூட் கேனால் தேவைப்படுகிறது. மூன்று பல்லும் ஒரே துண்டு என்பதால் ஒரு பக்கத்தில் சொத்தை விழுந்தால் முழுப் பிரிட்ஜையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிரிட்ஜின் நடுப்பல்லுக்கு அடியில் சோறு தங்கும். சாதாரண பிரஷ் அங்கே போகாது, இடைவெளி பிரஷ் தினமும் நுழைக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குப் பிரிட்ஜ் பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கிறது. அதன் பெரிய லாபம் வேகம். அளவு கொடுத்து ஒரு வாரம், பத்து நாளில் நிரந்தரப் பல் வாயில் வந்துவிடும், அறுவை கிடையாது.

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் இறக்கும் டைட்டானியம் திருகு. ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் 1952-ல் முயல் எலும்புக்குள் வைத்த டைட்டானியத்தைத் திரும்ப எடுக்க முடியாமல் எலும்போடு ஒன்றாகிப்போனதைக் கவனித்தார். 1965-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அந்த ஒட்டுதலுக்குத்தான் இன்றும் காத்திருக்கிறோம்: கீழ்த்தாடையில் பொதுவாக இரண்டு மூன்று மாதம், மேல்தாடையில் எலும்பு மெத்தென்று இருப்பதால் இன்னும் அதிகம். பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிற்கின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம், பல் பல்லாகத் தனித்து நிற்கும், இடையே வழக்கம்போலச் சுத்தம் செய்யலாம். மருமகளுக்கு இதுதான் சரி என்று நான் அடித்துச் சொன்னதற்குக் காரணம் அந்த இரண்டு முழுப் பற்கள். அவளுக்கு இன்னும் நாற்பது ஐம்பது வருடம் மெல்ல வேண்டியிருக்கிறது. இன்று பிரிட்ஜ் போட்டால் அந்தக் காலத்தில் அதை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பல் போகும், கடைசியில் மூன்று பல் போன இடமாகிவிடும்.

இம்ப்ளான்ட்டின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார் மெத்தை உண்டு, கல்லைக் கடித்தால் உடனே தெரியும். திருகுக்கு அது கிடையாது, அழுத்தம் தெரிவது மந்தம். அதனால் மேல் பீங்கான் தெறிப்பதும் உள்திருகு தளர்வதும் நடக்கும். கேப்பைத் திருகி மாட்டுவது, சிமெண்டால் ஒட்டுவது என இரண்டு முறை உண்டு. முடிந்த இடத்தில் திருகி மாட்டும் வகையையே கேளுங்கள். ஏதாவது ஆனால் கழற்றிச் சரிசெய்து திரும்ப மாட்டலாம். ஒட்டும்போது ஈறுக்கு அடியில் வழிந்து தங்கும் சிமெண்ட், திருகைச் சுற்றிச் சீழ் வைத்து எலும்பைக் கரைப்பதற்கு ஒரு தெரிந்த காரணம். சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தோல்வி கூடும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் மாத்திரை விழுங்குகிறவர்கள், வருடம் ஒரு முறை சோலெட்ரோனிக் ஊசி போடுகிறவர்கள், இம்ப்ளான்ட்டுக்கு மட்டுமல்ல, பல் பிடுங்குவதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. நம் வீட்டு அம்மாக்கள் அதைக் “கால்சியம் மாத்திரை” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மாத்திரை அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள்.

போடுவதற்கு முன் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறார்களா என்று பாருங்கள். கீழே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது, மேலே சைனஸ் அறை இருக்கிறது. சித்தப்பாவுக்கு எலும்பு மெலிந்திருந்தது, சர்க்கரையும் ஆட்டம் காட்டியது. எலும்பு வைத்துத் தைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவந்திருக்கும். கேப்போடு சேர்த்து ஒரு இம்ப்ளான்ட் இந்தப் பக்கங்களில் 30,000 முதல் 50,000 வரை, எலும்பு வேலை இருந்தால் மேலே. மூன்று பல் ஜிர்கோனியா பிரிட்ஜும் 24,000-க்குக் குறையாது என்பதை மறக்க வேண்டாம். இந்த வித்தியாசத்துக்காக இரண்டு நல்ல பல்லைப் பலி கொடுப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

காசு இப்போது இல்லை, ஆனால் பக்கத்துப் பல் நன்றாக இருக்கிறது என்றால் கழற்றி மாட்டும் பல் ஒரு நல்ல இடைக்கால ஏற்பாடு. அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஒன்றிரண்டு பல் சில ஆயிரத்தில் முடியும், இடம் சுருங்காது, யாரையும் சீவவில்லை, பின்னால் இம்ப்ளான்ட் போட வழி திறந்தே இருக்கும். நிறையப் பல் போனவர்களுக்குக் கோபால்ட் குரோமியத்தில் வார்த்த செட் மெலிதாக, உறுதியாக இருக்கும். அக்ரிலிக் போல ஈறில் மட்டும் உட்காராமல் பல்லிலும் உட்காரும். வளையும் செட் என்று விளம்பரம் செய்வது கம்பி தெரியாமல் அழகாக இருக்கும், ஆனால் பல் சேர்ப்பது, உடைந்தால் ஒட்டுவது எல்லாம் கஷ்டம். எந்த வகையானாலும் தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட வேண்டும்.

முன்பல்லும் பிள்ளைகளும்

சந்துக்குச் சந்து கிரிக்கெட் ஆடும் ஊர் இது. பந்து பட்டு நிரந்தர முன்பல் முழுசாகத் தெறித்து விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் லேசாகக் கழுவி, முடிந்தால் அங்கேயே குழியில் திரும்பச் செருகுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி, ஒரு மணிக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பால் பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது.

தொலைந்தே போனால், தாடை வளர்ந்து முடியும் வரை இம்ப்ளான்ட் வேண்டாம். திருகு வளராது, சுற்றியுள்ள பற்கள் கீழே வர, அது மட்டும் மேலே மாட்டிக்கொண்டு நிற்கும். அதுவரை மேரிலாண்ட் பிரிட்ஜ் அருமையான வழி. பக்கத்துப் பல்லின் பின்பக்கத்தில் இறகு போன்ற மெல்லிய தகடு ஒட்டி நிற்கும், சீவல் மிகக் குறைவு. கழன்றால் திரும்ப ஒட்டலாம். பெரியவர்களுக்கும், கடி அதிகம் படாத முன்பல்லுக்கு, இதை இன்னும் அதிகமாகப் போடலாம்.

எல்லாப் பல்லும் போனவர்கள்

மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பழகிவிடும். கீழ் செட்தான் பாடாய்ப் படுத்தும். எலும்பு தேயத் தேய நாக்கு அசைந்தாலே எழும்பும். ஆறு எட்டு இம்ப்ளான்ட் என்று கேட்டுப் பயந்து ஓடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே திருகு வைத்து, அதில் ‘டிக்’ என்று மாட்டும் செட் செய்ய முடியும். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002-ல் அறிவித்தார்கள். நான்கு திருகில் கழற்றாத பல் என்பது அழகு, வசதி எல்லாம் சரி, செலவு சில லட்சம். எழுபது வயது அப்பாவுக்கு நிம்மதியாகச் சப்பாத்தி சாப்பிட வேண்டும் என்றால், மேலே சாதாரண செட், கீழே இரண்டு திருகு செட் என்று நான் சொல்வேன்.

வாய் திறக்காதவர்கள்

மகாராஷ்டிரத்தில் குட்கா 2012-லேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் பாக்கு, மாவா, குட்கா மென்று வாய் இறுகிப்போனவர்களின் அளவு எங்கள் லேபுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. அளவுத் தட்டு பாதி வரைதான் போயிருக்கும், பின்பற்கள் அளவில் விழுந்தே இருக்காது. உங்கள் மூன்று விரலை நெட்டாக வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால், கேப், பிரிட்ஜ் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். அது புற்றாக மாறக்கூடிய நிலை. பின்பல்லுக்கு ரூட் கேனால் ஊசி நுழையாது, இம்ப்ளான்ட் துளைக்கருவி நுழையாது. பரேலில் டாடா மெமோரியலில் தாடைக்குக் கதிர்வீச்சு எடுக்கப்போகிறவர்கள் கெட்ட பல்லை அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்; கதிர் பட்ட பிறகு பிடுங்குவது ஆபத்து.

எங்கே, எப்போது

காசு தட்டுப்பாடு என்றால் மும்பையில் இரண்டு இடம் இருக்கிறது. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி. மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறினால் போய்விடலாம். சிஎஸ்எம்டி பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. செம்பூர்க்காரர்களுக்கு ஹார்பர் லைன் நேராகக் கொண்டுபோய் விடும். மாணவர்கள் பேராசிரியர் கண்காணிப்பில் செய்வார்கள். தொகை தனியாரில் ஒரு சிறு பங்குதான், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் சார் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், நாலைந்து நடை நடக்க வேண்டும். தினக்கூலிக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். அதையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். அங்கே நடக்கும் வேலை, அவசரம் இல்லாததால், நல்ல வேலையாகவே இருக்கிறது.

“ஒரே நாளில் ஃபிக்ஸ் பல், ஆயிரம் ரூபாய்” என்று சந்துக்குள் கட்டுகிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். பதப்படுத்தாத அக்ரிலிக்கைப் பக்கத்துப் பல்லோடு கம்பி சுற்றி ஒட்டிவிடுவார்கள். அடியில் சுத்தம் செய்ய வழியே கிடையாது, ஈறு அழுகி, ஒரு பல் போன இடத்தில் மூன்று ஆடத் தொடங்கும். பதிவில்லாதவர் பல் வைத்தியம் பார்ப்பது 1948 சட்டப்படியே குற்றம்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை. திருநெல்வேலி, தூத்துக்குடியில் மும்பையைவிடச் செலவு குறையும், உண்மைதான். பதினைந்து நாள் லீவில் அடைப்பு, ரூட் கேனாலும் கேப்பும், பிரிட்ஜ், கழற்றும் பல் எல்லாம் முடியும். அதற்கும் போய் இறங்கிய மறுநாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். கல்யாணம், கோயில் கொடை எல்லாம் முடித்துக்கொண்டு கடைசி மூன்று நாளில் போனால், கடி சரிபார்க்க நேரமில்லாமல் ஒட்டி அனுப்புவார்கள். இம்ப்ளான்ட் ஒரு லீவில் முடியாது. ஒரு லீவில் திருகு, அடுத்த லீவில் கேப் என்று போடலாம்தான், ஆனால் நடுவில் வீங்கினால் இங்கே யாரிடம் போவீர்கள்? அதனால் இம்ப்ளான்ட் எங்கே வசிக்கிறீர்களோ அங்கே போடுங்கள். எங்கே போட்டாலும் திருகின் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வேறு ஊரில் போட்ட திருகு தளர்ந்து வந்து, எந்தக் கம்பெனி என்று தெரியாமல், பொருந்தும் சாவி தேடித் தேடி நல்ல திருகைக் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஜிர்கோனியாவுக்கும் வாரண்டி அட்டை உண்டு. கேப்புக்குப் பணம் கட்டும்போதே கேளுங்கள்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி இறங்க வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தவிரப் பல் வைத்தியம் வராது. சிலதில் புறநோயாளி சலுகை உண்டு, பாலிசித் தாளைப் படித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக லேப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். கேப், பிரிட்ஜுக்கு அளவை சிலிக்கான் பசையிலோ ஸ்கேனரிலோ எடுக்கச் சொல்லுங்கள். அல்ஜினேட் என்ற இன்னொரு அளவுப் பசையில் எடுத்த அளவு லேபுக்கு வந்து சேர்வதற்குள் காய்ந்து சுருங்கும், மாடலில் சிவப்புப் பென்சிலால் நான் வரையும் விளிம்புக்கோடு தவறும், அந்த மயிரிழை வழியாகத்தான் திரும்பச் சொத்தை போகும். நிறம் பார்ப்பதை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளாமல், பகலில் ஜன்னல் பக்கம், லிப்ஸ்டிக் இல்லாமல், பல்லைச் சீவுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். சீவி முடிப்பதற்குள் பக்கத்துப் பற்கள் காய்ந்து வெளுத்திருக்கும், சீட்டில் ஒரு நிறம் கூடுதல் வெள்ளையாக எழுதி வரும்.